ஆவாரம் பட்டைத் தோல்: தேவகோட்டைப் பக்கம் ஒரு வீட்டுக் கொல்லையில் பதனிட்டது

காரைக்குடியில் பழைய மரச்சாமான்களைப் பழுது பார்ப்பது என் தொழில். ரங்கூன் போய்வந்த டிரங்குப் பெட்டி, கணக்குப்பிள்ளை மேசை, தோல் இருக்கை போட்ட நாற்காலி என்று என் பட்டறைக்கு வருவதெல்லாம் எண்பது, நூறு வருஷத்துச் சாமான்கள். மரத்துக்கு இங்கே கவலை இல்லை. எங்காவது ஒரு பழைய வீடு இடிபடும், பர்மா தேக்கு வந்து சேரும். பூட்டு, கீல், பித்தளைக் குமிழ் வேண்டுமென்றால் முனீஸ்வரன் கோவில் தெருவில் ஒரு நடை நடந்தால் அகப்பட்டுவிடும். தோலுக்குத்தான் ரொம்ப நாளாகத் திண்டாட்டம். இப்போது அது தீர்ந்திருக்கிறது. தேவகோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் வயதான தம்பதி தங்கள் வீட்டுக் கொல்லையிலேயே பழைய முறைப்படி மாட்டுத் தோல் பதனிட்டுக் கொடுக்கிறார்கள். அவர்களிடம் வாங்கிய தோலில் வேலை செய்து, அது ஒரு மழைக்காலத்தையும் ஒரு கோடையையும் கடந்த பிறகுதான் இதை எழுதுகிறேன்.

முதலில், கடைத் தோல் எனக்கு ஏன் சரிப்படவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். "ஒரிஜினல் லெதர்" என்று கொடுப்பதில் பாதியை வெட்டிப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். தோலை இரண்டாகப் பிளந்து எடுத்த அடிப்பாகம், அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் பூச்சு. வெளியூர்க் கடை ஒன்றில் நல்ல விலை கொடுத்து வாங்கி ஒரு நாற்காலிக்குப் போட்டேன். அடுத்த கோடைக்குள் இருக்கை முழுக்கச் செதில் செதிலாக உரிந்து வந்துவிட்டது. வாடிக்கையாளரிடம் பதில் சொல்ல வேண்டியது நான்தானே.

பிளக்காத முழுத் தோலாகவே கிடைத்தாலும் அது பெரும்பாலும் குரோம் உப்பில் பதனிட்டதாக இருக்கும். குரோம் தோல் மட்டம் என்று நான் சொல்ல மாட்டேன். சீக்கிரம் பதமாகும், மெத்தென்று இருக்கும், தண்ணீரும் சூடும் தாங்கும். ஷூவுக்கும் சோபாவுக்கும் அதுதான் சரி. ஆனால் பெட்டிக் கைப்பிடிக்கு ஆகாது. நனைத்து வளைத்து வைத்தால் வளைந்தபடி நிற்காமல் பழையபடி நிமிர்ந்துவிடும். வெட்டிய ஓரத்தை எவ்வளவு தேய்த்தாலும் மெருகு ஏறாது. பூ வேலை அச்சை அழுத்தினால் கொஞ்ச நேரத்தில் அச்சு மங்கிவிடும். பழைய பெட்டிகளில் இருக்கிற தோலெல்லாம் மரப்பட்டையில் பதனிட்டது. அதற்கு ஈடாக அதே ஜாதித் தோலைப் போட்டால்தான் பொருந்தும்.

ஒரு காலத்தில் இதற்குப் பேர் போன ஊர்கள் நமக்குப் பக்கத்திலேயே இருந்தன. திண்டுக்கல்லிலும் திருச்சியிலும் தோல் ஷாப்பு என்று சொல்கிற பதனிடும் ஆலைகளில் ஆவாரம் பட்டையில் பதனிட்ட தோல் 'ஈ.ஐ. தோல்' (ஈஸ்ட் இந்தியா தோல்) என்ற பெயரில் கப்பல் கப்பலாக வெளிநாட்டுக்குப் போனது. அந்தத் தோலுக்குப் புவிசார் குறியீடுகூட உண்டு. பின்னால் ஆவாரம் போய் வாட்டில் என்கிற மலைப்பக்கத்து மரத்தின் பட்டை வந்தது, அப்புறம் குரோம் வந்தது. நான் சொல்கிற பெரியவர் இளவயதில் திண்டுக்கல்லில் ஒரு தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர். அங்கே கற்றதையும் தன் தகப்பனார் ஊரில் செய்ததையும் சேர்த்து வைத்துக்கொண்டு இன்றைக்கும் செய்கிறார். எழுபது தாண்டிவிட்டது. அவரும் அவர் வீட்டம்மாவும் மட்டும்தான். நான் அவரை ஐயா என்பேன், அந்த அம்மாவை ஆத்தா என்பேன். இரண்டு பேருக்கும் நான் தம்பி. பெயரும் ஊரும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். ஒரே சமயத்தில் இரண்டு தோலுக்கு மேல் அவர்களுக்குக் கை தாங்காது.

அவர்கள் பதனிடுவது தானாகச் செத்த மாட்டின் தோலை மட்டும். தோலின் தலையெழுத்து முதல் சில மணி நேரத்திலேயே முடிவாகிவிடுகிறது. நம் ஊர் வெக்கையில் உரித்த தோலை அப்படியே போட்டுவைத்தால் அன்று சாயங்காலத்துக்குள் அழுகல் தொடங்கிவிடும். தோலின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் கல்லுப்பு, அதுவும் சதைப் பக்கம் ஓரம் ஓரமாகத் தேய்த்து ஏற்ற வேண்டும். "உப்புல கஞ்சத்தனம் பண்ணுனா முடி கையோட வந்துரும் தம்பி. சுண்ணாம்புல போடறதுக்கு முன்னாடியே முடி வந்துச்சுன்னா அந்தத் தோலத் தொடவே கூடாது" என்றார் ஐயா. வெயிலில் விறைப்பாகக் காயவைத்த தோலையும் அவர் வாங்குவதில்லை. மேலே நன்றாகக் காய்ந்த மாதிரி இருக்கும், நடுவில் கெட்டுப்போயிருக்கும், ஊறவைத்த பிறகுதான் குட்டு வெளிப்படும் என்கிறார்.

உப்புப் போக அலசி ஊறவைத்த பிறகு சுண்ணாம்பு. எட்டிலிருந்து பத்து நாள். தினம் காலையும் மாலையும் தோலைத் தூக்கிப் புரட்டிப் போட வேண்டும். நனைந்த மாட்டுத் தோலைத் தூக்குவது சாதாரணக் காரியமில்லை. நான் ஒரு முறை கை கொடுத்தேன், மறுநாள் முதுகு பிடித்துக்கொண்டது. பெரிய தொழிற்சாலைகளில் சோடியம் சல்பைடு சேர்த்து இதை ஓரிரு நாளில் முடித்துவிடுவார்கள், முடி கூழாகிக் கரைந்து போகும். இங்கே வெறும் சுண்ணாம்பு என்பதால் முடி முழுசாகக் கழன்று வருகிறது. அதைக் கூடையில் அள்ளி எருக்குழியில் போடுகிறார்கள்.

பாதியாகப் பிளந்த பனங்கட்டை ஒன்றைச் சாய்வாக நிறுத்தி, அதன் முதுகில் தோலைப் போர்த்தி, இரண்டு பக்கமும் பிடி வைத்த வளைந்த கத்தியால் ஐயா தள்ளித் தள்ளிச் சுரண்டுவார். முதலில் முடிப் பக்கம், அப்புறம் தோலைத் திருப்பிப் போட்டுச் சதைப் பக்கம். இந்த இரண்டாவது வேலையில்தான் கைத்திறன் தெரியும். கொழுப்பும் சவ்வும் ஒட்டு இல்லாமல் போக வேண்டும், ஆனால் கத்தி ஒரு நூல் ஆழம் இறங்கினாலும் தோலில் வெட்டு விழுந்துவிடும். நான் வாங்கிய தோலின் சதைப் பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். கத்தி போன தடம் வரிவரியாகத் தெரிகிறது, ஓர் இடத்தில்கூட வெட்டு இல்லை. இயந்திரத்தில் சீவிய தோலில் இந்த வரி இருக்காது. பழைய டிரங்குகளின் உள்பக்கத்தில் நான் பார்த்திருப்பது இதே வரிகளைத்தான்.

அடுத்து சுண்ணாம்பை வெளியே எடுக்கும் வேலை. அரிசித் தவிட்டைக் கரைத்துப் புளிக்கவிட்டு, அந்தப் புளிப்புத் தண்ணீரில் தோலைப் போடுகிறார்கள். புளிப்பு சுண்ணாம்பை முறிக்கும், உப்பிப் போன தோல் தளர்ந்து துணி மாதிரி ஆகும். சுண்ணாம்பு மிச்சமிருந்தால் பட்டைத் தண்ணீர் பட்டவுடன் தோல் கறுத்துப் போகும், பிறகு மொடமொடவென்று வெடிக்கும். எல்லாம் போய்விட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஆத்தா கழுத்துப் பக்கத்துத் தடித்த ஓரத்தில் ஒரு சின்னத் துண்டு வெட்டி, வெட்டுவாயில் மஞ்சளைக் குழைத்துத் தடவிக் காட்டினார். ஓரங்கள் மஞ்சளாகவே இருந்தன, நடுவில் மட்டும் மெல்லிசாக ஒரு சிவப்புக் கோடு ஓடியது. "நடுவுல இன்னும் சுண்ணாம்பு கெடக்கு பாருங்க. நாளைக்கும் கெடக்கட்டும்" என்றார். கல்யாண வீட்டு ஆலத்தித் தண்ணீர் சிவப்பதும் இதே காரணத்தால்தான், மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கும். ஆய்வுக்கூடத்தில் வேறு ஏதாவது சொட்டு மருந்து வைத்துப் பார்ப்பார்கள். கொல்லையில் உட்கார்ந்துகொண்டு அடுப்படி மஞ்சளில் அதே சோதனையை அதே துல்லியத்தோடு அவர் செய்ததைப் பார்த்தபோது, இந்தத் தோலை நம்பி வாங்கலாம் என்று எனக்குத் தீர்மானமாகிவிட்டது.

இனி பட்டை. செட்டிநாட்டுச் செம்மண் பொட்டலில் ஆவாரஞ்செடிக்குக் குறைவே இல்லை. பொங்கலுக்குக் காப்புக் கட்டப் பூப் பறிக்கிறோமே, அதே செடி. வேரோடு பிடுங்காமல் அடித்தண்டை விட்டு வெட்டினால் திரும்பத் துளிர்க்கும். மழை பெய்து செடியில் பால் ஓடுகிற சமயத்தில் தண்டைத் தட்டினால் பட்டை சுலபமாக உரியும். உரித்துக் காயவைத்து, உரலில் இடித்து வைத்துக்கொள்கிறார்கள். கருவேலம் பட்டையும் உதவும், ஆனால் அதில் தோல் கெட்டியாகவும் கறுப்பாகவும் வரும் என்று ஐயா ஆவாரத்தோடு கொஞ்சமாகத்தான் கலக்கிறார். தண்ணீர் கண்மாய்த் தண்ணீர். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் தொடுவதில்லை. இந்தப் பக்கத்துக் கிணறுகளில் இரும்புச் சத்து உண்டு, இரும்பும் பட்டைச் சாறும் சேர்ந்தால் மை மாதிரி கறுத்துவிடும். அதனால்தான் கொல்லையில் இரும்பு வாளிகூடக் கிடையாது, எல்லாம் பிளாஸ்டிக் டிரம்மும் மண் தாழியும்தான்.

இந்த வீட்டுத் தோலுக்கும் அவசரத்தில் பதனிட்ட தோலுக்கும் உள்ள வித்தியாசம் முழுக்க இந்தக் கட்டத்தில்தான் இருக்கிறது. புதுத் தோலைப் புதுச் சாற்றில் போடவே மாட்டார். போன தோலுக்குப் பயன்பட்டு வலுவெல்லாம் போன பழைய தண்ணீரில்தான் முதலில் போடுவார். அது தெளிந்த டீத்தண்ணி நிறத்தில் புளித்த வாடையோடு இருக்கும். சில நாள் கழித்துக் கொஞ்சம் வலுவான சாறு, அப்புறம் இன்னும் வலுவானது என்று படிப்படியாக ஏற்றுவார். எடுத்த எடுப்பில் கடுஞ்சாற்றில் போட்டால் மேல்பரப்பு உடனே இறுகி அடைத்துக்கொள்ளும், சாறு அதற்கு மேல் உள்ளே போகாது. பார்த்தால் அழகாகப் பழுப்பேறி இருக்கும், உள்ளே பச்சைத் தோல். அப்படிப்பட்ட தோலை வாங்கி நனைத்து வளைத்தால் நடுவில் சப்பென்று கிழியும், மழைக்காலத்தில் நாறும். சந்தையில் "நாட்டுப் பதனம்" என்ற பெயரில் வருவதில் இந்த மாதிரியும் உண்டு என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

தாழியில் ஒரு மாதம் போன பிறகு, தோலைப் பையாகத் தைத்துவிடுகிறார்கள். கற்றாழை நாரால் நெருக்கித் தைத்து, வேப்பமரக் கிளையில் தொங்கவிட்டு, உள்ளே இடித்த பட்டையைத் திணித்து, மேலிருந்து சாற்றை ஊற்றுகிறார்கள். தோலின் கண்களில் எல்லாம் சாறு வேர்த்து வேர்த்துக் கீழே வைத்த தாழியில் சொட்டும். அதை மறுபடி மொண்டு மேலே ஊற்ற வேண்டும். சில நாள் கழித்துப் பையைத் தலைகீழாகத் திருப்பிக் கட்டி, அந்தப் பக்கத்துக்கும் இதையே செய்வார்கள். இந்தியாவின் பல பகுதிகளில் கிராமத்துப் பதனிடுதலில் இருந்த முறை இது. பதனிடும் குழிகள் வெட்ட இடமில்லாத வீட்டுக்கு இதைவிடத் தோதான வழி இல்லை. சாற்றின் பாரமே சாற்றைத் தோலுக்குள் தள்ளிவிடுகிறது. ஒரு குறை, தையல் போட்ட ஓரம் முழுக்க ஓட்டையாகிவிடும். அந்த ஓரத்தை வெட்டித் தள்ளிவிட்டுத்தான் அளவு பார்க்க வேண்டும். ஐயா அதைக் கழித்துத்தான் காசு கேட்கிறார்.

கடைசியில் கடுக்காய். வெறும் ஆவாரத்தில் பதமான தோல் வெயில் படப்படச் சிவந்துகொண்டே போகும். கடுக்காய்த் தண்ணீரில் ஒரு முக்குப் போட்டால் அந்தச் சிவப்பு மட்டுப்படும், தோலும் வெளிர்மஞ்சளாக நிற்கும். நம் பக்கத்துக் கொத்தனார்கள் சுண்ணாம்புச் சாந்தில் கடுக்காய்த் தண்ணீர் விட்ட கதை எல்லோருக்கும் தெரியும். அதே சுண்ணாம்பும் அதே கடுக்காயும்தான் சுவர் வேலைக்கும் உதவுகிறது, தோல் வேலைக்கும் உதவுகிறது. பிறகு தோல் ஈரமாக இருக்கும்போதே புங்கெண்ணெயைத் தேய்த்து நிழலில் இழுத்துக் கட்டுகிறார்கள். ஈரம் வெளியேற வெளியேற எண்ணெய் உள்ளே இறங்கும். மொத்தமாக மூன்று மாதம் ஆகிறது.

சரி, தோல் எப்படி இருக்கிறது?

வந்தவுடன் முதுகுப் பக்கத்து ஓரத்தில் சுண்டுவிரல் நகமளவு வெட்டிப் பார்த்தேன். மேலிருந்து கீழ் வரை ஒரே பழுப்பு. நடுவில் வெள்ளைக் கோடு இல்லை. அந்தத் துண்டை வினிகரில் போட்டுவைத்தேன். பதமாகாத தோல் என்றால் வினிகரில் உப்பிக் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். இது போட்டது போட்டபடியே கிடந்தது. தோல் வாங்குகிற யாரும் இந்த இரண்டு சோதனையையும் கேட்டு வாங்கிச் செய்து பாருங்கள். நல்ல தோல் கொடுப்பவர் முகம் சுளிக்க மாட்டார். ஐயா கத்தியை எடுத்து அவரே வெட்டிக் கொடுத்தார்.

முதுகுப் பகுதி கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர் கனம். அதை வைத்து ஒரு டிரங்குப் பெட்டிக்கு இரண்டு கைப்பிடியும் குறுக்கு வாரும் செய்தேன். ஈரத்துணியால் துடைத்து, மர அச்சில் வளைத்துக் கட்டி, இரண்டு நாள் கழித்து அவிழ்த்தால் வளைவு அப்படியே நின்றது. வெட்டிய ஓரத்தில் கொஞ்சம் தண்ணீர் தொட்டு எலும்புத் துண்டால் தேய்த்தேன், கண்ணாடிபோல மெருகு ஏறிவிட்டது. குத்தூசி போகிற துளை கிழியாமல் இறுகிப் பிடிக்கிறது. தேன்மெழுகு இழைத்த நூலால் தைத்தால் தையல் தோலுக்குள் புதைந்து உட்கார்கிறது. நாற்காலி இருக்கைக்குப் போட்டது ஒரு மழைக்காலமும் கோடையும் உட்கார்ந்து எழுந்த பிறகு நிறம் கொஞ்சம் கூடி, பழைய கைப்பிடிகளின் சாயலுக்கு வந்திருக்கிறது. வீட்டுக்காரர் அதை மாற்றிப் போட்டதாகவே நம்பவில்லை, பழைய தோலைத்தான் துடைத்துக் கொடுத்தேன் என்று நினைத்துக்கொண்டார். இந்தத் தொழிலில் அதற்கு மேல் ஒரு பாராட்டு எனக்குத் தேவையில்லை.

மேசைத் தச்சர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தத் தோலில் இரும்பு ஆணி அடிக்காதீர்கள். ஈரம் பட்ட ஒரே வாரத்தில் ஆணியைச் சுற்றிக் கறுப்பு வட்டம் விழும், அது போகவே போகாது. பித்தளை ஆணி, செம்பு ஆணி இரண்டும் சரி. பெட்டியின் பழைய இரும்புப் பட்டையை எடுக்க முடியாத இடத்தில், பட்டையின் மேல் அரக்கு வார்னிஷ் இரண்டு கை பூசி, நடுவில் ஒரு துணியும் வைத்துத் தோலைப் போடுகிறேன். இதுவரை கறை இல்லை. தோல் கறுப்பாகவே வேண்டும் என்று கேட்பவர்களுக்கு அதே குணம் உதவிக்கு வருகிறது. துருப்பிடித்த ஆணிகளைப் புளித்த வெல்லத் தண்ணீரில் ஊறவைத்து அந்தத் தண்ணீரைப் பூசினால், சாயம் எதுவும் இல்லாமல் தோல் தானாகக் கறுத்துவிடும்.

குறைகளும் சொல்ல வேண்டும். நம் ஊர் மாடு கருவேலங்காட்டில் மேய்கிற மாடு. முள் கீறல், உண்ணி கடித்த புள்ளி, பின்தொடையில் தார்க்குச்சி பட்ட வடு, இடுப்பில் சூடு போட்ட தழும்பு எல்லாம் தோலில் அப்படியே இருக்கிறது. ஒரே சீரான பரப்பு வேண்டுபவர்களுக்கு இது ஒத்துவராது. நான் சூட்டுத் தழும்பு வந்த இடத்தை வேண்டுமென்றே ஒரு மேசையின் நடுவில் வைத்தேன், எனக்கு அது பிடித்திருக்கிறது. வயிற்றுப் பகுதி தொளதொளவென்று இழுபடுகிறது. அதை வாருக்கு எடுக்காதீர்கள், அடித்தோலுக்கும் பைக்குள் வைக்கும் துண்டுக்கும்தான் சரி. பை முறையில் தொங்கவிட்டதால் கீழ்ப்பக்கம் கொஞ்சம் நீண்டிருக்கிறது, இரண்டு பக்கமும் ஒரே கனம் இல்லை. நிறமும் தோலுக்குத் தோல் வேறுபடும். ஜோடி நாற்காலி என்றால் இரண்டுக்கும் ஒரே தோலிலிருந்து வெட்டுங்கள்.

வாடை உண்டு. புங்கெண்ணெயின் கசப்பு வாடை ஒரு மாதத்துக்குப் போகவில்லை. அழுகல் நாற்றம் அல்ல, ஆனாலும் படுக்கையறைச் சாமானுக்கு உடனே போட முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் காற்றோட்டம் இல்லாத அறையில் வைத்தால் பூஞ்சை வெள்ளையாகப் படியும். உலர்ந்த துணியால் துடைத்து, வெயில் படாத காற்றில் வைத்தால் போய்விடுகிறது. கொதிக்கிற தண்ணீர் மட்டும் ஊற்றிவிடாதீர்கள், பட்டைத் தோல் சுருண்டு கட்டையாகிவிடும்.

பழைய கணக்குப் பேரேடுகளுக்கு அட்டை கட்ட இந்தத் தோலைக் கேட்டு இரண்டு வீட்டார் வந்தார்கள். வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். ஆவாரம் பட்டைத் தோல் பல பத்தாண்டுகளில் காற்றிலிருக்கும் கந்தகப் புகையை உறிஞ்சி, செம்பொடியாக உதிரும் குணமுள்ளது. 1900களின் தொடக்கத்திலேயே லண்டன் கலைச் சங்கம் அமைத்த குழு ஒன்று, புத்தக அட்டைக்கு இந்தியாவிலிருந்து வருகிற இந்த வகைத் தோல் உதவாது என்று எழுதிவைத்திருக்கிறது. நம் வீட்டு மேலறைகளில் பேரேடுகளைத் தொட்டால் கையில் செந்தூள் ஒட்டுகிறதே, அது இதுதான். எண்ணெய் போட்டுப் பராமரிக்கிற கைப்பிடிக்கும் வாருக்கும் இந்தப் பயம் குறைவு. நூறு வருஷம் அலமாரியில் கிடக்கப்போகிற புத்தகத்துக்கு வேறு தோல் பாருங்கள்.

விலை சதுர அடி 150 ரூபாய் என்று கொடுத்தார்கள். நான் 200 கொடுத்தேன். மூன்று மாத வேலைக்கு, இரண்டு பேர் உழைப்புக்கு, உப்புக்கும் பட்டைக்கும் வண்டிக்கூலிக்கும் அந்த 150 எப்படியும் கட்டாது. பேரம் பேசுகிறவர்கள் தயவுசெய்து அங்கே போகாதீர்கள். இதில் எனக்கு உள்ள வருத்தத்தையும் எழுதிவிடுகிறேன். செத்த மாட்டைத் தூக்குவதையும் தோல் வேலையையும் சில சாதியாரின் தலையில் கட்டிவிட்டு, அதைச் செய்ததற்காகவே அவர்களை ஊருக்கு வெளியே நிறுத்தியவர்கள் நாம். அந்தத் தோலில் தைத்த பெட்டியை மட்டும் முகப்பில் வைத்துக்கொண்டோம். ஐயாவின் பிள்ளைகள் இரண்டு பேரும் வெளியூரில் வேறு வேலையில் இருக்கிறார்கள், பேரப்பிள்ளைகளுக்கு இதைக் கற்றுத்தர அவருக்கு விருப்பம் இல்லை. "தொழில் நல்ல தொழில்தான் தம்பி. ஊரு நம்மள எப்படிப் பாக்குதுங்கறதுதான் சரியில்ல" என்றார். அதற்கு நான் பதில் எதுவும் சொல்லவில்லை. கலை போய்விடக் கூடாது என்று பேசுகிற நாம்தான் முதலில் மாற வேண்டும், அவர் பேரன் இல்லை.

சுற்றுப்புறத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைகளால் வந்த கேடும் அதன் மேல் 1996இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் எல்லோருக்கும் நினைவிருக்கும். இந்த வீட்டில் குரோமும் இல்லை, சல்பைடும் இல்லை. ஆனால் பட்டை முறை என்றாலே சுத்தம் என்று நான் சொல்ல மாட்டேன். சுண்ணாம்புத் தண்ணீரும் பட்டைச் சாறும் கண்மாயில் கலந்தால் மீன் செத்து மிதக்கும். இவர்கள் கழிவுத் தண்ணீரைத் தனிக் குழியில் தெளியவைத்து வண்டலை அள்ளுகிறார்கள், சக்கைப் பட்டையைக் காயவைத்து அடுப்பெரிக்கிறார்கள். வருஷத்துக்கு நாலைந்து தோல் என்ற அளவுக்கு இது போதும். நாற்பது தோல் என்றால் போதாது.

ஐப்பசியிலிருந்து மார்கழி வரை அவர்கள் புதுத் தோல் எடுப்பதில்லை, காயாது. தை கழிந்து தொடங்கி ஆடிக்குள் முடிக்கப் பார்ப்பார்கள். சொன்ன தேதிக்கு எனக்கு ஒரு மாதம் தள்ளித்தான் வந்தது. நடுவில் ஒரு வாரம் விடாமல் மழை பிடித்துக்கொண்டதால் பையை இறக்கித் தாழியிலேயே வைத்திருந்தார்கள். கல்யாணத் தேதி குறித்துக்கொண்டு சாமான் கேட்பவர்களுக்காக இதை நம்பி முன்பணம் வாங்காதீர்கள். தோல் கைக்கு வந்த பிறகு ஒப்புக்கொள்ளுங்கள்.

வேண்டுபவர்கள் என்னிடம் சொன்னால் ஐயாவிடம் கேட்டுச் சொல்கிறேன். என்ன வேலைக்கு, எவ்வளவு நீள அகலம், முதுகுத் தோல் மட்டுமா முழுத் தோலா, கடுக்காய்ப் பூச்சு வேண்டுமா வேண்டாமா என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். உங்கள் வீட்டு மாடு இறந்து அதன் தோலையே கொடுப்பதாக இருந்தால், உரித்த உடனே உப்பேற்றி, மடித்து, ஈரச்சாக்கில் சுற்றி அன்றைக்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும். முன்னதாகச் சொல்லிவிட்டால் கல்லுப்பை அவர்களே எடுத்துவைத்திருப்பார்கள்.